பண்ணை விலங்குகளுக்கான சட்டம்: கடமையா, அளவா, விளைவா, தடையா?

1999ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம், ஒரு முட்டைக்கோழியின் நீள அகலத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு தீர்ப்பை எழுதியது. படுத்து ஓய்வெடுக்கும் கோழியின் நீளம் 47.6 சென்டிமீட்டர், அகலம் 14.5 சென்டிமீட்டர், இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 690 சதுர சென்டிமீட்டர். 1987இல் இயற்றப்பட்ட கோழி வளர்ப்பு விதியோ, கூண்டில் ஒரு கோழிக்கு 450 சதுர சென்டிமீட்டர் போதும் என்று சொல்லியிருந்தது. தீவனத் தொட்டியில் ஒரு கோழிக்கு 10 சென்டிமீட்டர் நீளம் ஒதுக்கினால் போதும் என்றும் அதே விதி சொல்லியிருந்தது. உடம்பே 14.5 சென்டிமீட்டர் அகலம் இருக்கும்போது கூண்டிலுள்ள கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையை நீட்டித் தின்ன முடியாது. விலங்கை அதன் இனத்துக்கும் தேவைக்கும் ஏற்ற முறையில் வைத்திருக்க வேண்டும் என்று விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு பொதுவாகக் கூறியிருந்ததைச் சுட்டிக்காட்டி, அந்த விதி செல்லாது என்று நீதிமன்றம் அறிவித்தது.

அந்தத் தீர்ப்பில் கோழியின் அளவைவிட என் கவனத்தை இழுப்பது, இரண்டு வகைச் சட்ட வாக்கியங்கள் அங்கே மோதிக்கொண்ட விதம். பொதுக்கடமை மட்டும் இருந்திருந்தால், எது தேவை, எது தேவையில்லை என்ற வாதம் பண்ணைக்குப் பண்ணை முடிவின்றி நடந்துகொண்டிருக்கும். 450 என்ற எண் மட்டும் இருந்திருந்தால், கோழியின் உடம்பைவிடச் சிறிய இடமே சட்டப்படி போதுமான இடம் என்று நிலைத்துப் போயிருக்கும். கடமை மேலே இருந்ததால் எண்ணை எடைபோட முடிந்தது. எண் கீழே இருந்ததால், கடமை எந்த இடத்தில் மீறப்பட்டது என்பதை விரல் வைத்துக் காட்ட முடிந்தது.

பண்ணை விலங்குகளின் நலனுக்குச் சட்டத் தரம் வகுக்க முற்படும் எந்த ஆட்சியும் முதலில் "எவ்வளவு கடுமையாக?" என்றே கேட்கிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "எந்த வகை வாக்கியத்தால்?" என்பது. இன்று உலகில் நடைமுறையில் உள்ள சட்டங்களைப் பிரித்துப் பார்த்தால், விலங்கை வைத்திருப்பவர்மீது பொதுக்கடமை சுமத்துபவை, இடத்தையும் காற்றையும் வெளிச்சத்தையும் எண்ணால் வரையறுப்பவை, விலங்கின் உடம்பில் தெரியும் விளைவை அளப்பவை, ஒரு வளர்ப்பு முறையையோ செயலையோ அடியோடு தடை செய்பவை, வாங்குபவருக்குத் தகவலைக் கொடுத்துவிட்டு முடிவை அவரிடம் விட்டுவிடுபவை என்று அவை பிரியும். எந்த நாடும் இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருப்பதில்லை. எதை அடித்தளமாக வைப்பது என்பதில்தான் வேறுபாடு. இவற்றை ஒப்பிடுவதற்கு நான் கையில் வைத்திருக்கும் உரைகல் ஒன்றே: இந்த வாக்கியம் மீறப்பட்டதா என்பதை யார், எங்கே நின்று, எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்க முடியும்?

பொதுக்கடமையின் பழைய வடிவம் வதைத் தடுப்புச் சட்டம். "தேவையற்ற துன்பம்" விளைவிப்பது குற்றம் என்று அது சொல்லும். அந்தத் தொடரில் துன்பம் என்ற சொல் சிக்கலானதன்று. ஒரு கால்நடை மருத்துவர் சாட்சி சொல்லிவிடுவார். சிக்கல் முழுவதும் "தேவையற்ற" என்ற அடைமொழியில் இருக்கிறது. ஒரு தொழில் முழுவதும் ஒரே முறையில் நடக்கும்போது, அந்த முறையால் வரும் துன்பம் தொழிலுக்குத் தேவையானது என்று வாதிடுவது எளிது. மேலும் இவ்வகைச் சட்டங்கள் தனி மனிதர் ஒருவர் ஒரு விலங்கை அடிப்பதையும் பட்டினி போடுவதையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை; ஒரே கொட்டகையில் பல்லாயிரம் பறவைகள் வளரும் நிலைமைக்கு அவை தைத்த சட்டை அல்ல. தண்டமும் பெரும்பாலும் பழைய காலத்திலேயே நின்றுவிடும். இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. எந்தத் தொழிலிலும் இதைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டு போய்விடலாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை, வழக்கத்துக்கு விலக்கு அளிக்கும் பிரிவு. அமெரிக்காவில் உணவுக்காக வளர்க்கப்படும் பண்ணை விலங்குகள் 1966ஆம் ஆண்டின் கூட்டாட்சி விலங்கு நலச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. 1958ஆம் ஆண்டின் இரக்கமுள்ள முறையில் விலங்குகளை அறுப்பதற்கான சட்டம் கோழியினங்களுக்குப் பொருத்தப்படுவதில்லை. எஞ்சியிருப்பவை மாநில வதைத் தடுப்புச் சட்டங்கள். அவற்றிலும் பல, தொழிலில் வழக்கமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறைகளுக்கு விலக்கு அளிக்கின்றன. எது குற்றம் என்பதை முடிவுசெய்யும் அளவுகோலைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டியவர்களின் கையிலேயே கொடுத்துவிடும் ஏற்பாடு இது. நியூ ஜெர்சி மாநிலத்தின் வேளாண்துறை, கல்லூரிகளில் வழக்கமாகக் கற்பிக்கப்படும் நடைமுறை எதுவாயினும் அது மனிதத்தன்மை உடையதே என்று கருதும் வகையில் விதி இயற்றியபோது, அம்மாநில உச்ச நீதிமன்றம் 2008இல் அந்தப் பகுதியைத் தள்ளுபடி செய்தது. ஒரு பாடத்திட்டத்தில் இருக்கிறது என்பது விலங்கு துன்புறவில்லை என்பதற்குச் சான்றாகாது.

பொதுக்கடமையின் புதிய வடிவம் இதிலிருந்து வெகுதூரம் வந்திருக்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, விலங்கின் தேவைகளை நிறைவேற்றத் தகுந்த நடவடிக்கை எடுக்கத் தவறுவதையே குற்றமாக்குகிறது. துன்பம் நேரும்வரை அதிகாரி காத்திருக்க வேண்டியதில்லை; குறையைச் சுட்டி, இன்ன காலத்துக்குள் திருத்து என்று அறிவிக்கை கொடுக்கலாம். அதனோடு நடைமுறைக் கையேடுகளும் உண்டு. கையேட்டை மீறுவது தானாகவே குற்றமாகாது. ஆனால் வழக்கு வந்தால் அந்த மீறலைக் குற்றத்தை நிலைநாட்டும் சான்றாகக் காட்டலாம். கடுமைக்கும் நெகிழ்வுக்கும் இடையிலான இந்த நடுவழி பலருக்குப் பிடிக்கும். எனக்கும் ஓரளவு பிடிக்கும். இருந்தாலும் உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால், ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு வல்லுநரின் கருத்து தேவைப்படுகிறது, ஒவ்வொரு வல்லுநருக்கும் எதிர்த்தரப்பில் இன்னொரு வல்லுநர் கிடைப்பார். ஆய்வாளர்கள் குறைவாக இருக்கும் ஆட்சியில் இது மட்டும் போதாது.

எண்களின் கதை இதற்கு நேர்மாறு. 1965 டிசம்பரில் பிரிட்டனில் விலங்கியலாளர் ராஜர்ஸ் பிராம்பெல் தலைமையிலான குழு அளித்த அறிக்கை, பண்ணை விலங்கு நிற்கவும் படுக்கவும் திரும்பவும் தன் உடம்பைத் துப்புரவு செய்துகொள்ளவும் கைகால்களை நீட்டவும் இடம் இருக்க வேண்டும் என்றது. இதிலிருந்து வளர்ந்ததுதான், 1979இல் பிரிட்டனின் பண்ணை விலங்கு நல அவை வகுத்த ஐந்து சுதந்திரங்கள்: பசி தாகம், உடல் அசௌகரியம், வலியும் நோயும், அச்சமும் மன உளைச்சலும் இல்லாதிருத்தல், இயல்பான நடத்தைக்கு வழியிருத்தல். அழகான பட்டியல். ஆனால் ஒரு கொட்டகை கட்டுபவருக்கும் அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கிக்கும் பட்டியல் போதாது. அவர்களுக்கு எண் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் முட்டைக்கோழிகளுக்கான ஆணையில் அதைக் கொடுத்தது: வெறுங்கூண்டில் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர், அதுவும் 2011 முடியும்வரை மட்டும், வசதி செய்யப்பட்ட கூண்டில் 750 சதுர சென்டிமீட்டர், முட்டையிட ஒதுக்கிடம், கிளறக் கூளம், ஒரு கோழிக்கு 15 சென்டிமீட்டர் அமர்கம்பு, கூண்டில்லாத முறையில் பயன்படும் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 9 கோழிகளுக்கு மிகாமல்.

இந்த எண்களை ஒரு ஏ4 தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏ4 தாளின் பரப்பு ஏறத்தாழ 624 சதுர சென்டிமீட்டர். 550 என்பது தாளைவிடச் சிறியது. 750 என்பது தாளோடு ஒரு அஞ்சலட்டையைச் சேர்த்தது போன்றது. 1989இல் மேரியன் டாக்கின்ஸும் உடன் ஆய்வாளரும் பழுப்புக் கோழிகளைப் படம்பிடித்து அளந்ததில், ஒரு கோழி திரும்புவதற்குச் சராசரியாக 1,272 சதுர சென்டிமீட்டரும் சிறகடிப்பதற்கு 1,876 சதுர சென்டிமீட்டரும் பிடித்தன. சும்மா நிற்பதற்கே 475. ஜெர்மனி 1987இல் கொடுத்த 450 என்பது நிற்கும் கோழிக்குக்கூடப் பற்றாது. எண் என்பது அறிவியலின் முடிவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது பேரம் முடிந்த இடத்தில் வைத்த புள்ளி. கூண்டிலுள்ள எல்லாக் கோழிகளும் ஒரே நேரத்தில் திரும்புவதில்லை, இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் எத்தனை கோழிகள் ஒரே கூண்டில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நான்கைந்து கோழிகள் உள்ள கூண்டில் பகிர்ந்துகொள்ள அதிகம் மிஞ்சாது.

எண்ணும் வடிவமும் எழுதுபவரின் கண்ணால் எழுதப்படுகின்றன என்பதற்கு ஒரு நல்ல பாடம் உண்டு. கோழிகளின் பாதத்துக்கு உறுத்தும் என்று கருதி, அறுகோணப் பின்னலுள்ள மெல்லிய கம்பி வலையைக் கூண்டுத் தரையாகப் பயன்படுத்தக் கூடாது என்று பிராம்பெல் குழு பரிந்துரைத்தது. பார்த்தால் யாருக்கும் சரியென்றுதான் படும். 1973இல் ஹியூஸ், பிளாக் என்ற இரு ஆய்வாளர்கள் பலவகைத் தரைகளைக் கோழிகளின் முன்னால் வைத்துத் தேர்ந்தெடுக்க விட்டபோது, கோழிகள் விரும்பி நின்றது அந்த மெல்லிய அறுகோண வலையின்மீதுதான். நல்ல எண்ணத்தோடு எழுதிய ஒரு வாக்கியம், விலங்கைக் கேட்காமல் எழுதியதால் தவறாகிப்போனது. அது பரிந்துரை, விதியாகியிருந்தால் அதைத் திருத்த இன்னொரு பத்தாண்டு ஆகியிருக்கும்.

எண்ணின் வலிமையையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு ஆய்வாளர் அளவுநாடாவோடு உள்ளே போய், கூண்டின் நீள அகலத்தை அளந்து, கோழிகளை எண்ணி, வகுத்து, கால் மணி நேரத்தில் முடிவு சொல்லலாம். நீதிமன்றத்தில் அதை மறுப்பது கடினம். பண்ணையாளருக்கும் தெளிவு, இன்ன அளவில் கட்டினால் பிழையில்லை என்று தெரிந்து முதலீடு செய்வார். ஆனால் இந்தத் தெளிவுக்கு ஒரு விலை உண்டு: குறைந்தபட்சமாக எழுதியதை எல்லோரும் அதிகபட்சமாக எடுத்துக்கொள்வார்கள். அளவு எழுதப்படாத இனங்கள் வெளியே நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முட்டைக்கோழி, கறிக்கோழி, பன்றி, கன்று ஆகியவற்றுக்குத் தனி ஆணைகள் உண்டு; கறவை மாட்டுக்கும் வான்கோழிக்கும் முயலுக்கும் வளர்ப்பு மீனுக்கும் அப்படி இல்லை. அவற்றுக்கு 1998ஆம் ஆண்டின் பொது ஆணையே கூரை. எண்ணிக்கையில் எல்லாவற்றையும் மிஞ்சுவது மீன்கள் என்பதை நினைத்தால், எண்ணால் மட்டும் கட்டிய சட்டம் எவ்வளவு குறுகிய கொட்டகை என்பது புரியும்.

விளைவை அளக்கும் சட்டம் இந்த இடத்தில்தான் வருகிறது. அதே டாக்கின்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். பத்துக் கோழி நிறுவனங்கள் தங்கள் கொட்டகைகளில் ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ முதல் 46 கிலோ உயிர் எடைவரை அடர்த்தியை மாற்றி வளர்த்தன. அடர்த்தி மிக ஏறிய இடத்தில் வளர்ச்சி குறைந்து நடையும் கெட்டது உண்மையே என்றாலும், மொத்தத்தில் கோழிகளின் நலனை அடர்த்தியைவிட அதிகமாகத் தீர்மானித்தவை கொட்டகையின் ஈரப்பதமும் வெப்பமும் கூளத்தின் நிலையும் காற்றும்தான். ஆழ்கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்க்கும் பண்ணையாளருக்கு இது புதிய செய்தி அன்று. கை விரித்ததும் கூளம் மெல்ல உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். ஈரக்கூளத்தில் அம்மோனியா எழும், கண் எரியும், பாதம் வெந்து நடுவில் கறுத்த பொருக்குக் கட்டும். இதே அடர்த்தியில் பக்கத்துக் கொட்டகைக் கோழியின் பாதம் வெள்ளையாக இருக்கும். அடர்த்தி எண் இரண்டு கொட்டகைகளையும் ஒன்றாகவே பார்க்கும்.

2007ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கறிக்கோழி ஆணை எண்ணையும் விளைவையும் பிணைத்த விதத்தை நான் சட்டமியற்றும் கலைக்கு ஒரு நல்ல மாதிரியாகக் கருதுகிறேன், அதன் அளவுகள் போதுமானவை என்று நினைக்காவிட்டாலும். ஒரு சதுர மீட்டருக்கு 33 கிலோ என்பது எல்லோருக்குமான எல்லை. கோழித் தலை உயரத்தில் அம்மோனியா பத்து லட்சத்தில் 20 பங்குக்கும் கரியமில வாயு 3,000 பங்குக்கும் மிகாமல் வைத்து, கொட்டகை விவரங்களை ஆவணப்படுத்தினால் 39 கிலோ வரை போகலாம். அதற்கும் மேலே 42 கிலோ வேண்டுமானால், தொடர்ந்து குறைந்தது ஏழு தொகுதிகளில் (ஒரே தவணையில் வளர்த்து அறுக்கும் கோழிக்கூட்டம் ஒரு தொகுதி) இறப்பு விகிதம் ஒரு சூத்திரத்துக்குள் அடங்க வேண்டும்: 1 விழுக்காட்டோடு, அறுக்கும் வயதின் ஒவ்வொரு நாளுக்கும் 0.06 விழுக்காடு. 40 நாளில் அறுக்கும் தொகுதிக்கு அது 3.4 விழுக்காடு. நன்றாக வளர்ப்பவர் அதே இடத்தில் கூடுதல் கோழிகளை வைத்துக்கொள்ளலாம் என்ற தூண்டுதல் இதில் இருக்கிறது. சுவீடனிலும் டென்மார்க்கிலும் இறைச்சிக்கூடத்துக்கு வரும் கோழிகளின் பாதங்களைப் பார்த்து மதிப்பெண் போட்டு, அதைப் பண்ணையின் அடுத்த நடவடிக்கையோடு இணைக்கும் ஏற்பாடு உண்டு. இதன் சிறப்பு என்னவென்றால், ஆய்வாளர் நூறு பண்ணைகளுக்கு அலைய வேண்டாம்; எல்லாப் பண்ணைகளின் பாதங்களும் ஒரே வரிசையில் அவர் முன்னால் வந்து போகும்.

ஆனால் விளைவுச் சட்டம் ஆபத்தில்லாதது அன்று. பாதம் கறுத்ததைக் கண்டுபிடிக்கும்போது அந்தக் கோழி ஏற்கெனவே செத்திருக்கும்; பயன் அடுத்த தொகுதிக்குத்தான். எந்த விளைவை அளக்கிறோம் என்பதே தீர்ப்பை எழுதிவிடும் என்பது இன்னும் கவனிக்க வேண்டியது. இறப்பு விகிதத்தை மட்டும் அளந்தால், வெறுங்கூண்டு பல வேளைகளில் நல்ல மதிப்பெண் வாங்கும். கூண்டில்லாத கொட்டகையில் கோழிகள் ஒன்றையொன்று கொத்துவதால் இறப்பு கூடலாம். சிறகடிக்க முடியாமை, கூடு தேடி அலைதல், மண்ணில் குளிக்க முடியாமை ஆகியவை எந்தச் சவக்கணக்கிலும் ஏறுவதில்லை. அளப்பவர் யார் என்பதும் முக்கியம். பிரிட்டனில் 2003இல் வெளிவந்த கறவை மாடுகள் பற்றிய ஆய்வில், தம் மந்தையில் நொண்டும் மாடுகள் ஏறத்தாழ 6 விழுக்காடு என்று பண்ணையாளர்கள் மதிப்பிட்டார்கள். வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள் கண்டது ஏறத்தாழ 22 விழுக்காடு. பண்ணையாளர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெல்லிய நொண்டல் நடையாகவே தெரியத் தொடங்கிவிடுகிறது. சுயமதிப்பீட்டை நம்பி எழுதும் விளைவுச் சட்டம் இந்தக் கண்ணைத்தான் ஆய்வாளராக நியமிக்கிறது.

இனி, தடை. தடையின் உரைகல் மதிப்பு மிக உயர்ந்தது: கொட்டகை வாசலில் நின்று பார்த்தாலே கூண்டு இருக்கிறதா இல்லையா என்று தெரியும். சினைப்பன்றியைத் திரும்பக்கூட முடியாத தனியடைப்பில் வைப்பதை பிரிட்டன் 1999இல் முற்றிலும் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இலிருந்து, சினைப்படுத்திய முதல் நான்கு வாரங்களையும் ஈற்றுக்கு முந்தைய ஒரு வாரத்தையும் தவிர்த்துத் தடுத்தது. ஒரே குறிக்கோளுக்கு எழுதிய இந்த இரண்டு வாக்கியங்களில் இரண்டாவதில் ஆய்வாளருக்கு வேலை கூடுகிறது. அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, அதற்குள் நிற்கும் பன்றிக்கு எத்தனையாவது நாள் என்று ஏட்டைப் பார்க்க வேண்டும்.

விலக்கோடு எழுதிய தடை எப்படிக் கரைந்துபோகும் என்பதற்குப் பன்றிக்குட்டியின் வாலைவிடத் தெளிவான சான்று இல்லை. வாலை நறுக்குவதை "வழக்கமாகச் செய்யக் கூடாது" என்று ஐரோப்பியச் சட்டம் 1990களிலிருந்தே சொல்லிவருகிறது. மற்ற வழிகளை முயன்று பார்த்து, வால் கடிக்கும் சிக்கல் தீராதபோதுதான் செய்யலாம் என்பது அதன் கருத்து. ஆனால் பெரும்பாலான உறுப்பு நாடுகளில் பெரும்பாலான பன்றிகளின் வால் இன்றும் நறுக்கப்படுகிறது, ஏனென்றால் "எங்கள் பண்ணையில் கடிக்கின்றன" என்று சொல்லாத பண்ணை இல்லை. சுவீடனும் பின்லாந்தும் விலக்கில்லாமல் தடுத்தன. அங்கே பன்றிகளுக்கு வைக்கோலும் இடமும் கொடுத்துச் சமாளிக்கப் பண்ணைகள் கற்றுக்கொண்டன. கூர்ந்து பார்த்தால், அந்த விலக்கு கற்றுக்கொள்ளும் தேவையைத்தான் மற்ற இடங்களில் இல்லாமல் செய்துவிட்டது.

கலிபோர்னியாவின் அனுபவம் தடைக்கும் எண்ணுக்கும் இடையிலான வேறுபாட்டை இன்னொரு கோணத்தில் காட்டுகிறது. 2008இல் வாக்காளர்கள் ஏற்ற 2ஆம் முன்மொழிவு, விலங்கு படுக்கவும் எழவும் உறுப்புகளை முழுதாக நீட்டவும் தடையின்றித் திரும்பவும் முடிய வேண்டும் என்று நடத்தையின் மொழியில் பேசியது. எண் எதுவும் கொடுக்கவில்லை. வசதி செய்யப்பட்ட கூண்டு இதற்கு உட்படுமா என்று ஆண்டுக்கணக்கில் சச்சரவு நடந்தது. சட்டம் தெளிவற்றது என்று வழக்கும் போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் அதை ஏற்கவில்லை. இருந்தும், 2018இல் வந்த 12ஆம் முன்மொழிவு பாடத்தைக் கற்றுக்கொண்டு எண்ணையும் தடையையும் சேர்த்தே எழுதியது: 2020இலிருந்து ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி, 2022இலிருந்து கூண்டே கூடாது, இனப்பெருக்கப் பன்றிக்கு 24 சதுர அடி.

சான்றுமுத்திரையும் பெயரொட்டும் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004இலிருந்து ஒவ்வொரு முட்டையிலும் 0 முதல் 3 வரையிலான எண் அச்சிடப்படுகிறது; 0 இயற்கை வேளாண்மை, 1 திறந்தவெளி, 2 கொட்டகை, 3 கூண்டு. கட்டாயமாக்கப்பட்ட எளிய குறி என்பதால் அது வேலை செய்தது. பல நாடுகளில் ஓட்டோடு விற்கும் கூண்டு முட்டை கடையிலிருந்து பின்வாங்கியது. ஆனால் மாவுப்பண்டத்திலும் சாஸ் வகைகளிலும் கலந்து போகும் முட்டைக்கு ஓடு இல்லை; அதனால் குறியும் இல்லை. வாங்குபவர் பார்க்காத இடத்தில் விலங்கைப் பாதுகாக்க வாங்குபவரை நம்ப முடியாது.

இங்கே எல்லைக்கு வெளியே நடப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஏனென்றால் எந்தத் தரமும் உள்நாட்டுப் பண்ணையை மட்டும் கட்டினால் துன்பம் இடம் மாறும், குறையாது. பிரிட்டன் தனியடைப்பைத் தடுத்த 1999க்கும் ஐரோப்பிய ஒன்றியம் தடுத்த 2013க்கும் இடைப்பட்ட 14 ஆண்டுகளில், அடைப்பில் வளர்ந்த பன்றியின் இறைச்சி இறக்குமதியாகி அதே கடைகளில் விலை குறைவாக விற்கப்பட்டது; பிரிட்டனின் பன்றி மந்தையோ பெருமளவு சுருங்கியது. நோய்த்தொற்றும் நாணய மதிப்பும் அதற்குக் காரணங்கள்தாம் என்றாலும், தனியாகச் சட்டம் ஏற்றவர்மேல் சுமை கூடுதலாக விழுந்தது என்பதை மறுக்க முடியாது. கலிபோர்னியா தன் 12ஆம் முன்மொழிவில் விற்பனையையே கட்டுப்படுத்தியது: எந்த மாநிலத்தில் வளர்த்தாலும் இந்தத் தரம் இல்லாத இறைச்சியை இங்கே விற்கக் கூடாது. தன் பன்றி இறைச்சியில் ஏறத்தாழ முழுவதையும் வெளியிலிருந்து வாங்கும் மாநிலம் அது. பன்றி வளர்ப்போர் சங்கம் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அச்சட்டத்தை நிலைக்க விட்டது. நாடுகளுக்கிடையே பார்த்தால், சீல் என்னும் கடல் விலங்கிலிருந்து செய்யும் பொருள்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் தடுத்தது பற்றிய வழக்கில், விலங்கு நலன் குறித்த பொதுமக்களின் அறவுணர்வு வணிகத் தடைக்குக் காரணமாக அமையலாம் என்பதை உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அவை 2014இல் ஏற்றது; விலக்குகளைச் சிலருக்குச் சாதகமாகக் கையாண்டதைத்தான் அது குறைகூறியது. ஆகவே விற்பனைப் பிரிவு எழுதுபவர், உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் ஒரே அளவை ஒரே நாளில் வைக்க வேண்டும்.

இவ்வளவையும் தட்டில் வைத்துப் பார்த்தபின் என் தேர்வு இது. தாய்ச்சட்டத்தில் இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாதிரியிலான பொதுக்கடமை இருக்க வேண்டும், மீனுக்கும் சேர்த்து. வழக்கத்துக்கு விலக்கு என்ற சொல்லே அதில் இருக்கக் கூடாது. அந்தக் கடமையின் முதல் பயன் பண்ணையாளரைத் தண்டிப்பதன்று. அமைச்சகம் எழுதும் தளர்வான விதிகளை நீதிமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது. ஜெர்மனியில் 1999இல் நடந்தது அதுதான். நியூசிலாந்தில் 2020இல், பன்றிகளைக் குட்டி ஈனும் அடைப்பிலும் சினைப்படுத்தும் அடைப்பிலும் வைக்க இடமளித்த விதிகள் தாய்ச்சட்டத்தின் நோக்கத்துக்கு மாறானவை என்று உயர் நீதிமன்றம் கூறியதும் அவ்வழியே. கடமைக்கு அடுத்தபடியாக, வாசலில் நின்று பார்த்தே தெரியக்கூடிய நான்கைந்து செயல்களுக்கு விலக்கில்லாத தடை போதும்: வெறுங்கூண்டு, சினைப்பன்றித் தனியடைப்பு, வால் நறுக்கல், உணர்விழக்கச் செய்யாமல் உறுப்பு நீக்கல் போன்றவை. இடமும் காற்றும் பற்றிய எண்கள் தாய்ச்சட்டத்தில் இருக்கக் கூடாது. அறுகோண வலையின் பாடத்தை நினைத்து, விதிகளில் வைத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டாயமாக மறுபரிசீலனை செய்ய வேண்டும். விளைவு அளவீட்டை இறைச்சிக்கூடத்திலிருந்து தொடங்குவதே சிக்கனம். இங்கிலாந்தின் இறைச்சிக்கூடங்களில் 2018இலிருந்து உயிருள்ள விலங்குகள் இருக்கும் பகுதிகள் எல்லாவற்றிலும் கண்காணிப்புக் கேமரா கட்டாயம், பதிவுகளை 90 நாள் வைத்திருக்க வேண்டும். அந்த ஒரே இடத்தில் பாதப்புண்ணையும் எலும்பு முறிவையும் நொண்டலையும் எண்ணுவதற்குப் பெரிய படை தேவையில்லை.

ஆய்வாளர்கள் நிறையக் கிடைக்கும் ஆட்சிக்கு நான் வேறு விகிதம் சொல்வேன். அங்கே விளைவுக்கு அதிக எடை கொடுக்கலாம், பண்ணைக்குள்ளேயே மாடுகளின் நடையைப் பார்த்து மதிப்பிடலாம். ஐரோப்பிய ஒன்றிய நிதியில் 2004க்கும் 2009க்கும் இடையில் உருவான மதிப்பீட்டு முறை நான்கு கொள்கைகளையும் பன்னிரண்டு அளவைகளையும் கொண்டது. முழுமையானது, ஆனால் ஒரு பண்ணைக்குப் பல மணி நேரம் பிடிப்பது. ஆய்வாளர் குறைவான இடத்தில் அதைச் சட்டமாக்கினால் ஏட்டில்தான் இருக்கும்.

சுவிட்சர்லாந்திடமிருந்து ஒன்றைக் கடன் வாங்கச் சொல்வேன். 1978ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்தே அங்கே, தொடர் உற்பத்தியில் விற்கும் கொட்டகை அமைப்புகளையும் கருவிகளையும் விற்பதற்கு முன் சோதித்து அனுமதி வாங்க வேண்டும். பண்ணையாளர் கடன்பட்டு வாங்கிய பிறகு தவறென்று சொல்வதைவிட, விற்பவரிடமே நிறுத்திவிடுவது எல்லோருக்கும் மலிவு.

எஞ்சியிருப்பது காலக்கெடு. ஐரோப்பிய முட்டைக்கோழி ஆணை 1999இல் வந்தது, 2003இலிருந்து புதிய வெறுங்கூண்டு கட்டுவதைத் தடுத்தது, 2012 ஜனவரி 1 அன்று பழையதையும் தடுத்தது. பன்னிரண்டு ஆண்டு அவகாசம் தாராளம்தான். ஆனாலும் அந்த ஜனவரியிலேயே 13 உறுப்பு நாடுகளுக்கு ஆணையம் முறைப்படி எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டிவந்தது. 2014இல்கூட இத்தாலியும் கிரீஸும் தவறிவிட்டன என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2003க்கும் 2012க்கும் நடுவில், இந்த ஆண்டுக்குள் இத்தனை விழுக்காடு கூண்டுகளாவது மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்ற படிக்கட்டு எதுவும் ஆணையில் இல்லை. புதிதாகச் சட்டமுன்வடிவு எழுதுபவர்கள் இறுதி நாளை எழுதும் அதே பிரிவில், ஒவ்வொரு பண்ணையும் ஆண்டுதோறும் எஞ்சியிருக்கும் கூண்டுகளின் எண்ணிக்கையைப் பதிவு செய்ய வேண்டும் என்றும், மூன்றாம் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு, ஆறாம் ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருக்க வேண்டும் என்றும், குறையாத பண்ணைக்கு அடுத்த தொகுதிக் குஞ்சுகளை இறக்க அனுமதி கிடையாது என்றும் எழுதிவிட வேண்டும்.